அடுக்களையில் ஆளி விதை

தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலோ பாண்டி பஜாரிலோ உள்ள பெரிய பலசரக்குக் கடை எதற்குள் இன்று நுழைந்தாலும், துவரம் பருப்பும் உளுத்தம் பருப்பும் அடுக்கிய தட்டுகளுக்குச் சற்றுத் தள்ளி, சியா, சப்ஜா, பூசணி விதை, வெள்ளரி விதை என்று விதைகளுக்கென்றே ஒதுக்கிய ஒரு தனித் தட்டையும், அதில் தேன்பழுப்பு நிறத்தில் மினுமினுக்கும் ஆளி விதைப் பொட்டலங்களையும் காணாமல் திரும்ப முடியாது. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே விதையை வேண்டியவர் நாட்டு மருந்துக் கடைக்குத்தான் போயிருக்க வேண்டும். அங்கும் கட்டிக்குப் பற்றுப் போட வேண்டும் என்று கேட்டு வாங்கினார்களேயன்றி, உண்பதற்கென்று வாங்கியவர் அரிது. மருந்துப் பெட்டியிலிருந்து மளிகைத் தட்டுக்கு நேர்ந்த இந்த இடமாற்றத்தில் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு, ஆகார சாஸ்திரத்துக்கும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் அபிப்பிராயத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். ஆளி விதை சர்வரோக நிவாரணி அன்று. ஆயினும் சென்னையின் மரக்கறிச் சமையலில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு குறிப்பிட்ட குறையை, அதிகச் செலவில்லாமலும் சாப்பாட்டு வழக்கத்தைப் புரட்டிப் போடாமலும் நிரப்பக்கூடிய வஸ்து அது. அதை மாத்திரையாக விழுங்குவதைவிடப் பொடியாக்கி இட்லிக்குத் தொட்டுக்கொள்வதே அதற்கும் பொருத்தம், நமக்கும் சௌகரியம்.

ஆளி இடுப்பளவு வளரும் மெல்லிய செடி. அதன் நீலப் பூ காலையில் மலர்ந்து நடுப்பகலுக்குள் இதழ் உதிர்த்துவிடும். தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753-இல் இதற்கு ‘லினம் உசிடாடிஸ்ஸிமம்’ என்று பெயரிட்டபோது, மிகமிகப் பயன்படுவது என்ற பட்டத்தைப் பெயரிலேயே வைத்துவிட்டார். தண்டில் லினன் நூலும் விதையில் எண்ணெயும் தருகிற செடிக்கு அந்தப் பட்டம் தகும். நம் தேசத்தில் இது குளிர்காலப் பயிர். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதி, வட கர்நாடகம் ஆகிய இடங்களில், சில வேளைகளில் அறுவடைக்கு நிற்கும் நெல்லின் ஊடேயே விதையைத் தூவி, வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே வளர்த்து எடுக்கிறார்கள். அத்தகைய குளிர் நம் சமவெளியில் இல்லை. ஆகவே பயிரும் இல்லை. பயிர் இல்லாததால் நம் செக்கில் அந்த விதை ஏறவில்லை, செக்கில் ஏறாததால் அடுக்களைக்கும் வரவில்லை. தமிழர் ஆளியை வெறுத்து ஒதுக்கினார்கள் என்று எண்ண வேண்டாம். அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

செடி வரவில்லையென்றாலும் அதன் பூ மட்டும் வேறொரு வழியாக இங்கே வந்து சேர்ந்தது. கண்ணனின் திருமேனி நிறத்துக்கு நாம் காயாம்பூவை உவமை சொல்வது போல, வடமொழித் தோத்திரங்கள் அதஸீ புஷ்பத்தைச் சொல்வதுண்டு. அந்த அதஸீ இந்த ஆளிதான். மார்கழி விடியலில் கிருஷ்ணாஷ்டகம் சொல்லிப் பழகிய மாம்பலத்து, மயிலாப்பூர் வீடுகளில், பூவின் பெயர் நாவில் ஏறி எத்தனையோ தலைமுறைகள் ஆகியும் விதை வாயில் போடப்படாமலே இருந்திருக்கிறது. ஆயுர்வேதமும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. பாவப்பிரகாசம் என்னும் நூல் அதனை உஷ்ண வீரியமும் கனத்த குணமும் உடையதென்றும், வாதத்தைத் தணிக்குமாயினும் கண்ணுக்கும் சுக்கிலத்துக்கும் ஆகாதென்றும் எச்சரிக்கிறது. பழைய வைத்தியத்தில் இதற்குக் கிடைத்த கௌரவமான ஸ்தானம் வெளிப்பிரயோகத்தில்தான். அரைத்துக் காய்ச்சிய மாவைச் சூடாகக் கட்டியின்மேல் அப்பிப் பழுக்க வைப்பதை நம் வைத்தியர்களும் செய்தார்கள், இங்கிலீஷ் ஆஸ்பத்திரிகளும் செய்தன. ‘நம் முன்னோர்கள் நாள்தோறும் உண்ட அமுதம்’ என்று பொட்டலத்தின் மேல் அச்சிடுகிற வியாபாரி, எந்த முன்னோரைச் சொல்கிறார் என்பதையும் சேர்த்து அச்சிட்டால் நன்றாயிருக்கும். விதர்ப்பத்து முன்னோர் என்றால் சரியே.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து ஆளி விதை மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. போய்ச் சேர்ந்த நாடுகளில் அதை உண்பதற்காக எவரும் வாங்கவில்லை. வர்ணம் குழைக்கவும், ஜன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் பதிக்கும் புட்டி செய்யவும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வால்டன் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த லினோலியம் என்னும் தரைவிரிப்புச் செய்யவும் அந்த எண்ணெய் தேவைப்பட்டது. தியாகராய நகரிலும் அதை முதலில் அறிந்தவர்கள் சமையல்காரர்கள் அல்லர். வார்னிஷ் பூசும் தச்சர்களும், சோமசுந்தரம் மைதானத்தில் ஆடப் போகுமுன் புதுக் கிரிக்கெட் மட்டைக்கு ‘லின்சீட் ஆயில்’ தடவி இரண்டு நாள் நிழலில் படுக்க வைத்த பிள்ளைகளும்தாம்.

மட்டைக்குத் தடவின எண்ணெயில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நல்லெண்ணெயை மரத்தில் தேய்த்தால் அது நாட்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும். ஆளி எண்ணெயோ காற்றுப் பட்ட சில நாட்களில் இறுகி மெல்லிய தோலாகப் படிந்துவிடும். காரணம், அதிலுள்ள கொழுப்பில் பாதிக்குக் குறையாமல் இருக்கும் ஆல்பா லினோலெனிக் அமிலம். இந்த அமிலத்தின் கரிச் சங்கிலியில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அந்த மூன்று இடங்களையும் காற்றின் பிராணவாயு எளிதில் பற்றி, ஒரு சங்கிலியை மற்றொன்றோடு பிணைத்துவிடுகிறது. வர்ணக்காரனுக்கு வேண்டிய குணம் அதுவே. அந்த இரட்டைப் பிணைப்புகளில் ஒன்று சங்கிலியின் கடைசியிலிருந்து மூன்றாவது கண்ணியில் அமைந்திருப்பதால், இந்த அமிலம் ஒமேகா 3 என்ற குடும்பத்தைச் சேர்கிறது; மனித தேகத்தால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத, உணவில் வந்தே தீர வேண்டிய அமிலம் அது. ஆக, கதவுக்குப் பளபளப்புத் தரும் குணமும், உடலுக்குப் போஷணை தரும் குணமும், அரைத்து வைத்தால் சீக்கிரம் கெட்டுப்போகும் குணமும் மூன்றும் ஒரே அமைப்பின் விளைவுகள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்த விதையை எப்படி வாங்குவது, எப்படி வைப்பது, எப்படி உண்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானே வந்துவிடும்.

இனி நம் அடுக்களையைப் பார்ப்போம். சென்னையின் மரக்கறிச் சமையல் பல விஷயங்களில் உயர்ந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் புழங்கும் எண்ணெய்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பள்ளம் தெரியும். நல்லெண்ணெயில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் லினோலெயிக் என்னும் ஒமேகா 6 அமிலம். ஒமேகா 3 பெயருக்கும் இல்லை. கடலை எண்ணெயிலும் அப்படியே. தேங்காய் எண்ணெய் பெரும்பாலும் நிறைகொழுப்பு. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இவற்றை ஓரம் தள்ளிவிட்டு வந்த ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயிலோ ஒமேகா 6 பாதிக்கும் மேல். வங்காளத்தாரும் பீகாரிகளும் கடுகெண்ணெயில் சமைக்கிறார்கள். அதில் நூற்றுக்கு சுமார் 10 பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலம் உண்டு. நாம் கடுகைத் தாளிப்பதோடு நிறுத்திக்கொண்டோம். இந்த இரண்டு குடும்பத்து அமிலங்களையும் தேகத்தில் நீட்டித் திரிக்கும் நொதி ஒன்றே. ஒமேகா 6 கூட்டமாக வந்து அந்த நொதியைப் பிடித்துக்கொண்டால் ஒமேகா 3-க்கு முறை கிடைப்பதில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிறுவனத்தில் டாக்டர் கபூருன்னிசா போன்றவர்கள் பல ஆண்டுகள் இந்திய உணவின் கொழுப்பை ஆராய்ந்து வற்புறுத்தி வந்ததும் இந்த விகிதக் கோளாற்றைத்தான்.

பாட்டிமார் காலத்து உணவு முற்றிலும் வறட்சியாக இருந்ததென்றும் சொல்லிவிட முடியாது. உளுந்தில் எண்ணெய் மிகக் குறைவு. ஆனால் இருக்கிற சிறிதளவு எண்ணெயில் கணிசமான பங்கு ஆல்பா லினோலெனிக் அமிலமே. வெந்தயத்திலும் அது உண்டு. கீரைகளிலும், முக்கியமாகப் பருப்புக்கீரையிலும் உண்டு. உளுந்தும் வெந்தயமும் தாராளமாகப் போட்டு அரைத்த இட்லி மாவும், வாரத்தில் நான்கு நாள் கீரையும், அளந்து ஊற்றிய எண்ணெயுமாக இருந்தவரையில் விகிதம் ஒருவாறு ஒழுங்காகவே இருந்திருக்கும். எண்ணெய் பெருகி, கீரை அருகி, மாவு கடைப் பாக்கெட்டில் வரத் தொடங்கிய பிறகுதான் பள்ளம் ஆழமாயிற்று. கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் சென்னைவாசிகளின் உணவை ஆராய்ந்தபோது, அன்றாடக் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து, அதாவது முக்கியமாக வெள்ளை அரிசியிலிருந்து, வருவதைக் கண்டார்கள். ஆகவே நார்ச்சத்தும் குறைவு. கொழுப்பில் ஒரு குறை, நாரில் ஒரு குறை. ஆளி விதை இவ்விரண்டிலும் கைகொடுப்பது.

நொச்சிக்குப்பத்துக் கரையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் நெத்திலியும் வாங்கி வாரம் இருமுறை குழம்பு வைக்கிற குடும்பத்துக்கு இக்கட்டுரை அவ்வளவாகத் தேவையில்லை. இருதயத்துக்கும் மூளைக்கும் நேரே பயன்படும் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற நீண்ட ஒமேகா 3 அமிலங்கள் அவர்களுக்கு மீனிலிருந்து தயாராகவே வந்துவிடுகின்றன. ஆளியில் இருப்பது அவற்றின் தாய்ப்பொருள் மட்டுமே. அதை இ.பி.ஏ. ஆக மாற்றும் வேலையைத் தேகம் மிகவும் சோம்பலாகச் செய்கிறது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு மாறினால் அதிகம், டி.எச்.ஏ. வரை போவது அதிலும் குறைவு. பிள்ளை பெறும் பருவத்துப் பெண்களுக்கு இந்தச் சக்தி சற்றுக் கூடுதல். எனவே ‘மீனுக்கு நிகர்’ என்ற விளம்பர வாக்கியம் பொய்; ‘மீன் உண்ணாதவருக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மிகச் செழிப்பானது’ என்பது மெய்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 100 கிராம் ஆளி விதையில் சுமார் 42 கிராம் கொழுப்பு. அதில் ஆல்பா லினோலெனிக் அமிலம் மட்டும் ஏறத்தாழ 23 கிராம். புரதம் 18 கிராம், நார்ச்சத்து 27 கிராம், கலோரி 530-க்குச் சற்று மேல். ஒருவர் ஒரு நாளில் 100 கிராம் தின்னப்போவதில்லை. ஒரு மேசைக்கரண்டிப் பொடி என்பது 7 கிராம். அதில் கிடைப்பது 1.6 கிராம் ஆல்பா லினோலெனிக் அமிலமும், 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான நாரும், 37 கலோரியும். வயதுவந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம், பெண்ணுக்கு 1.1 கிராம் போதுமென்று அமெரிக்க விஞ்ஞானிகள் வகுத்திருக்கும் அளவு அந்த ஒரு கரண்டியிலேயே நிறைந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சத்துக்காகவும் புரதத்துக்காகவும் இதை வாங்குகிறவர்கள் மட்டும் தவறான கதவைத் தட்டுகிறார்கள்; சுண்ணாம்பில் எள்ளும் கேழ்வரகும் இதைப் பின்னால் தள்ளிவிடும், புரதத்தில் நம் வீட்டு உளுந்தே மேல்.

நோய் விஷயத்தில் பரிசோதனைகள் என்ன சொல்கின்றன? கனடாவின் வினிபெக் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட பரிசோதனை இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. கால் ரத்தக் குழாய் அடைப்பு உள்ள 110 பேரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு நாள்தோறும் 30 கிராம் ஆளிப்பொடியை ரொட்டி முதலிய தின்பண்டங்களில் கலந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அதே தோற்றமுள்ள, ஆளி இல்லாத பண்டம். ஆறு மாதத்தின் முடிவில் ஆளி உண்டவர்களின் ரத்த அழுத்தம் மற்றவர்களுடையதைவிட மேல் எண்ணில் சுமார் 10, கீழ் எண்ணில் சுமார் 7 குறைந்திருந்தது. உணவுப் பொருள் ஒன்றுக்கு இது ஆச்சரியமான சக்தி. ஆனால் பின்னர் வேறு பல பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்து எடைபோட்டவர்கள் கண்ட சராசரி இறக்கம் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே. பன்னிரண்டு வாரங்களுக்குக் குறையாமல் உண்டவர்களிடத்தில் பலன் சற்று மேலாகத் தெரிந்தது. வினிபெக் முடிவைப் பொட்டலத்தில் அச்சிடுகிறவர்கள் இந்தச் சராசரியை அச்சிடுவதில்லை.

கொழுப்புச் சத்து விஷயமும் இப்படித்தான். 28 பரிசோதனைகளைத் திரட்டி 2009-இல் வெளிவந்த ஆய்வு, ஆளி விதையை முழுமையாக உண்டவர்களுக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்டிரால் சிறிதளவு, அதாவது ஐந்தாறு மில்லிகிராம், இறங்கியதாகவும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆரம்பத்திலேயே கொலஸ்டிரால் மிகுந்தவர்களுக்கும் இந்த இறக்கம் கூடுதலாக இருந்ததாகவும், எண்ணெயை மட்டும் பிரித்து உண்டவர்களுக்கு இறக்கம் காணவில்லை என்றும் தெரிவித்தது. இந்தக் கடைசி முடிவைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒமேகா 3 எண்ணெயில் இருக்கிறது. ஆனால் கொலஸ்டிராலைப் பிடித்து வெளியேற்றும் வழவழப்பான நாரும், லிக்னான் என்ற பொருளும் சக்கையில் இருக்கின்றன. எண்ணெய்க் குப்பியும் எண்ணெய் அடைத்த மாத்திரையும் அதிக விலை கொடுத்துப் பாதிச் சரக்கை வாங்குவதாகும். ரத்தச் சர்க்கரை விஷயத்திலும் சிறு நன்மை காணப்படுகிறது, அதுவும் முழு விதைக்குத்தான். நீரிழிவுக்காரர் இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு அது பெரியதன்று. மலச்சிக்கலுக்கு இதன் உபகாரம் விவாதத்துக்கு இடமில்லாதது. ஒரு கரண்டி விதையைத் தம்ளர் தண்ணீரில் போட்டு அரைமணி கழித்துப் பார்த்தால், விதைகளைச் சுற்றி முட்டை வெண்கரு போல் படர்ந்து கரண்டியில் நூலாக இழுபடும் வழவழப்பே அதற்குச் சாட்சி.

லிக்னான் என்றேனே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. உணவுத் தாவரங்களில் வேறெதிலும் இல்லாத அளவுக்கு ஆளியில் இது செறிந்திருக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் இதைப் பெண்மை ஹார்மோனை ஒத்த மெலிந்த பொருள்களாக மாற்றுகின்றன. இதனால் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களை வாட்டும் உடற்சூடும் வியர்வையும் தணியும் என்ற நம்பிக்கை பரவிற்று. அமெரிக்காவில் 188 பெண்களிடம் ஆறு வாரம் நடத்தி 2012-இல் வெளியிட்ட பரிசோதனையில், ஆளி கலந்த பண்டம் உண்டவர்களுக்கும் கலவாத பண்டம் உண்டவர்களுக்கும் சூடு ஏறத்தாழ ஒரே அளவில் தணிந்தது. அந்த நம்பிக்கை அவ்வளவோடு நின்றது. புற்றுநோய் விஷயத்தில் ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது; அதை வைத்து வாக்குக் கொடுப்பவர்களிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

உண்ணும் முறைக்கு வருவோம். இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. முதல் விதி, விதையை உடைத்தே உண்ண வேண்டும். அதன் மேல்தோல் கெட்டியானது, வழுக்குவது. மென்றாலும் பல்லில் அகப்படாமல் நழுவி, விழுங்கினபடியே வெளியேறிவிடும். முழு விதையைத் தயிரின் மேல் தூவிச் சாப்பிடுகிறவருக்கு நார் ஓரளவு கிடைக்கும், ஒமேகா 3 பெரும்பாலும் கிடைக்காது. இரண்டாவது, உடைத்தவுடன் காற்று உள்ளே புகுந்துவிடுவதால், அரைத்ததைச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். முழு விதை காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் கெடாது. பொடியைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுவது உத்தமம். சென்னையின் மே மாதத்தில் அலமாரியில் வைத்த பொடி எவ்வளவு நாள் தாங்கும் என்று சீசாவைத் திறந்து முகர்ந்தால் தெரிந்துவிடும். புதிதாக வர்ணம் பூசிய கதவின் வாசனை வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். ‘அரைத்த ஆளிப்பொடி’ என்று தேதி பார்க்காமல் கடையில் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாங்கும்போது ஒரு சங்கதி கவனிக்கத்தக்கது. சில நாட்டு மருந்துக் கடைகளில் ஆளி விதை என்று கேட்டால், வட இந்தியர் ஹலீம் என்று சொல்லும் சிறிய, செந்நிறமான, நீண்டு உருண்ட வேறொரு விதையைக் கொடுத்துவிடுவதுண்டு. அதுவும் நல்ல விதையே, பிரசவித்தவர்களுக்குக் கொடுப்பது. ஆனால் நாம் தேடியது அன்று. நமக்கு வேண்டியது எள்ளைவிடப் பெரிதாய், தட்டையாய், ஒரு முனை கூராய், விரலிடையில் வழுக்குகிற மினுமினுப்போடு இருக்கும். பழுப்பும் பொன்னிறமுமாக இரு வகை கிடைக்கிறது. சத்தில் வித்தியாசம் அற்பம், விலையில்தான் வித்தியாசம். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் நூறாண்டு கடந்த டப்பா செட்டி கடை போன்ற இடங்களில் விவரம் சொல்லிக் கேட்டால் சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள்.

இப்போது பொடி. கன்னட நாட்டின் வடபகுதியில் அகசெச் சட்னிப்பொடி இல்லாமல் சோள ரொட்டி இறங்காது. மராட்டியர் ஜவஸ் சட்னி என்று பூண்டு தட்டிச் செய்வார்கள். தெலுங்கர் அவிசெ கிஞ்சலப் பொடியைச் சுடுசோற்றில் நெய்யோடு பிசைவார்கள். 1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்து எழுப்பிய தியாகராய நகர், தியாகராயச் செட்டியார் பெயரையும் பனகல் அரசர் பெயரையும் தாங்கி நிற்கிற ஊர். அங்கே தெலுங்குக் குடும்பங்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. அவர்கள் கைப்பொடியும் நம் மிளகாய்ப்பொடியும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கியவை. ஆகவே இதை வெளியூர்ச் சரக்கென்று தயங்க வேண்டியதில்லை.

செய்முறை இது. ஒரு தம்ளர் ஆளி விதையைப் புடைத்து, கழுவாமல் (கழுவினால் வழவழத்துக் கையோடு ஒட்டிக்கொள்ளும்), எண்ணெயில்லாத இரும்பு வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிஷத்தில் விதைகள் எள்ளைப்போலப் படபடவென்று வெடிக்கத் தொடங்கி, வேர்க்கடலையை நினைவூட்டும் வாசனை எழும். வெடிப்பு அடங்குமுன் இறக்கிவிட வேண்டும், விட்டால் கசக்கும். பிறகு அதே வாணலியில் துளி நல்லெண்ணெய் விட்டுக் கால் தம்ளர் உளுத்தம் பருப்பு, கால் தம்ளர் கடலைப் பருப்பு, எட்டுப் பத்து வரமிளகாய், கட்டிப் பெருங்காயம், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிவக்க வறுத்து, நெல்லிக்காயளவுக்குக் குறைந்த புளியையும் ஈரம் போகப் புரட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே அரைப்பது. சூட்டோடு மிக்ஸியில் போட்டால் ஆளியின் எண்ணெய் கசிந்து பொடி களிமண்ணாகத் திரண்டுவிடும். பருப்பையும் மிளகாயையும் கல்லுப்போடு முதலில் கொரகொரப்பாக ஓட்டிவிட்டு, ஆளியைக் கடைசியில் சேர்த்து, நிறுத்தி நிறுத்தி நாலு சுற்று விட்டால் போதும். வறுக்கும் சூட்டில் ஒமேகா 3 அழிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு; ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துச் சோதித்தவர்கள் விதைக்குள் இருக்கும் அமிலம் அந்தச் சூட்டைத் தாங்குவதைக் கண்டிருக்கிறார்கள். குப்பி எண்ணெயை நேரே காய்ச்சித் தாளிப்பதுதான் கூடாது. வறுப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தப் பொடிக்கு நல்லெண்ணெய் குழைத்து இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். வாழைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய்க் கறியை இறக்கும்போது மேலே தூவலாம். தயிர்சாதத்துக்கு இதைப்போல் துணை வேறில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் மாவடுவின் கட்சி. காரம் வேண்டாத முதியவர்களுக்கு வெறும் வறுத்த பொடியை மோரிலோ கேழ்வரகுக் கஞ்சியிலோ கலக்கிக் கொடுக்கலாம். சப்பாத்தி மாவில் ஒரு பங்கு சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மிருதுவாகவே வரும்; அடை மாவுக்கும் பொருந்தும். தோசை மாவில் மட்டும் வார்க்கும் வேளையில்தான் கலக்க வேண்டும், இரவே கலந்து வைத்தால் மாவு சளசளத்துக் கல்லைவிட்டு எழும்பாது. எள்ளும் வெல்லமும் சேர்த்து இடித்த உருண்டை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. எள் சுண்ணாம்பைக் கொடுக்க, ஆளி ஒமேகா 3-ஐக் கொடுக்கும். முட்டையில்லாக் கேக் செய்கிற வீடுகளில் ஒரு மேசைக்கரண்டிப் பொடியை மூன்று கரண்டி நீரில் குழைத்து ஒரு முட்டைக்குப் பதிலாக விடுவது இப்போது சகஜம். முறுக்கிலும் தட்டையிலும் கலந்து பொரித்து ‘ஆரோக்கிய முறுக்கு’ என்று விற்பதைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுகிறேன். விதையைக் காய்ச்சி எடுத்த கூழைத் தலைமயிருக்குத் தடவுவதும் சமீபத்தில் மோஸ்தராகியிருக்கிறது. அது ஆகாரத்தின் எல்லைக்கு வெளியே.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் உருவாக்கிய டி.எல். 99 என்ற ரகம் இங்கே குறிப்பிடத்தக்கது. ஆளி எண்ணெய் சீக்கிரம் கெடுவதால் சமையலெண்ணெயாக விற்க முடியவில்லை என்று கண்டு, ஆல்பா லினோலெனிக் அமிலத்தை நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் கீழே இறக்கி அந்த விதையைப் படைத்தார்கள். எண்ணெய் வியாபாரத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் நம் பொடிக்கு அந்த விதை உதவாது. இதற்கு நேர் எதிரான தந்திரம் கோழிப்பண்ணைக்காரர்களுடையது: தீவனத்தில் ஆளியைச் சேர்த்து, ஒமேகா 3 மிகுந்த முட்டை என்று விற்கிறார்கள். கோழியின் தேகம் அந்த அமிலத்தில் ஒரு பகுதியை டி.எச்.ஏ. ஆகவும் மாற்றிவிடுவதால், முட்டை உண்கிறவருக்கு அது நியாயமான வழியே.

எச்சரிக்கைகள் சில உண்டு. ஆளி விதையில், மரவள்ளிக்கிழங்கில் இருப்பது போன்ற, சயனைடைப் பிறப்பிக்கும் பொருள்கள் சிறிதளவு இருக்கின்றன. ஒன்றிரண்டு கரண்டியில் எழக்கூடியது சில மில்லிகிராம். அதை ஈரல் எளிதில் முறித்துவிடும். வறுக்கும்போது அதுவும் குறைகிறது. வறுப்பதன் மற்றொரு நன்மை என்று மேலே சொன்னது இதுவே. கைநிறையப் பச்சையாக அரைத்துக் குடிப்பதுதான் விபரீதம். தண்ணீர் போதுமான அளவு குடிக்காமல் இதை மிகுதியாக உண்டால், நீங்க வேண்டிய மலச்சிக்கல் இறுகிவிடும். குடல் சுருங்கிய நோயாளிகளுக்கு இது ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்; மற்ற மாத்திரைகளையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கினால் வழவழப்பு மருந்தைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும், ஒன்றிரண்டு மணி இடைவெளி தேவை. கர்ப்பிணிகள், லிக்னான் ஹார்மோனை ஒத்திருப்பதால், பெரிய அளவில் உண்ணாமலிருப்பது நல்லது.

அளவைப் பொறுத்தவரை, முதல் வாரம் நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குவது வயிற்றுக்கு இதம். பிறகு ஒரு மேசைக்கரண்டி, ரத்த அழுத்தமோ கொலஸ்டிராலோ உள்ளவர்கள் வைத்தியர் சம்மதித்தால் இரண்டு மூன்று. ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று கொண்டால், நால்வர் உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு 200 கிராம் விதை. மாதத்துக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் 200 கிராமை மட்டும் வறுத்து அரைத்துக்கொண்டு, மீதியை முழு விதையாகவே டப்பாவில் மூடி வைத்துவிடலாம்.